அம்மாவின் ஞாபகத்துக்கு ஒரு மாத்திரை

இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை மறதி நோயையும் குணமாக்குமா என்று எங்கள் தோட்டத்தில் இன்னும் என்னிடம் கேட்கிறார்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ புத்தி தடுமாறத் தொடங்கிய வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள். “ஒங்க அம்மாவுக்குக் குடுத்தாங்களே டீச்சர், அது வேலை செஞ்சுச்சுங்களா?” ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அப்படி ஆனதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

அம்மாவின் பெயர் காத்தாயி. ஆறு வயதில் துறையூர்ப் பக்கத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்து, பொகவந்தலாவையில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். லயம் என்னும் வரிசை வீட்டில் ஓர் அறை, அந்தக் காம்பராவில் நாங்கள் இருவர் மட்டும். அதே லயத்தில் இரண்டு வீடு தள்ளி அம்மாவின் தம்பி, என் மாமா பெரியண்ணன், குடும்பத்தோடு இருந்தார். அவருக்குத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தைந்தாவது வயதில் அம்மாவின் மறதி எங்களுக்குத் தெரிய வந்தது. முதலில் தேத்தண்ணீரில் இரண்டு தரம் சீனி போட்டாள். பிறகு சீனி போட்டதாகச் சொல்லிப் போடாமலே கொடுத்தாள். ஒருநாள் வேறு லயத்தில் ஒரு வீட்டுக்குள் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரியையே வெளியே போகச் சொல்லிச் சத்தம் போட்டாள். அதைக்கூட லயத்தில் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் கவ்வாத்து வெட்டி வெறும் குச்சியாக நின்ற மலையில், கூடையை மாட்டிக்கொண்டு தனியாகக் கொழுந்து தேடிக்கொண்டிருந்தவளை, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கூட்டிவந்த அன்று யாரும் சிரிக்கவில்லை.

“டீச்சர், இனிமே அம்மாவ மலைக்கு அனுப்பாதீங்க. பள்ளத்துல விழுந்துட்டா நான்தான் பதில் சொல்லணும்,” என்றார் அவர்.

அந்த மாதத்தில்தான் குடியுரிமை விசாரணைக்குக் கடிதம் வந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாடு சுதந்திரமான பிறகு வந்த சட்டப்படி, இந்தியாவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விண்ணப்பம் போட்டுத்தான் இந்த நாட்டுப் பிரஜையாக முடியும். இத்தனை வருடம் இங்கேயே தொடர்ந்து இருந்தோம் என்று நிரூபிக்கவும் வேண்டும். அம்மா விதவை என்பதால் அவளே விண்ணப்பித்தாள். அப்போது எனக்குப் பதினாறு வயது. என் பெயரையும் அவளுடைய விண்ணப்பத்திலேயே சேர்த்தார்கள். எட்டு வருடம் ஒரு பதிலும் இல்லை. இப்போது, ஐந்து மாதம் கழித்து ஒரு தேதி போட்டு, நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி கடிதம். அம்மாவின் விண்ணப்பம் போனால் என்னுடையதும் போகும். ஆசிரியர் பயிற்சிக்கு நான் மனுப் போடுவதற்குக் குடியுரிமைப் பத்திரம் வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் அன்று என்னை இரண்டு தரம் தன் தங்கச்சியின் பெயரால் கூப்பிட்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் காலையில் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது.

“அட்டை கடிச்சிருக்கும்டி. சுண்ணாம்பு எடுத்துட்டு வா,” என்றாள்.

தோட்டத்து மருந்துக்காரர் வந்து கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. “இது இங்க வச்சுப் பாக்குற வருத்தம் இல்ல. இப்பவே கொண்டுபோங்க,” என்றார். தோட்டத்து லொறியில் ஹட்டன் வரை போய், அங்கிருந்து ரயில் ஏறினோம். ரயிலில் மாமா அம்மாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இறங்கும்வரை அசையவேயில்லை. இறங்கும்போது அவர் கால்கள் மரத்துப்போய், போர்ட்டர் ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நாற்பது கட்டில்கள் இருக்கும். எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர். எதையும் ஒளிக்காமல் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. அல்லது அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

“பிள்ளை, அம்மான்ர கால்ல உள்ளுக்கை ஓடுற பெரிய நாளத்தில இரத்தம் கட்டியாப் போச்சு,” என்றார். “கட்டி அங்கயே இருந்தா வீக்கம்தான். கழண்டு நெஞ்சுக்குப் போனா உயிருக்கு ஆபத்து. அதாலை இரத்தம் மேலும் கட்டாமல் இருக்க முதல்ல ஊசி, பிறகு மாத்திரை. கட்டிலை விட்டு இறங்க விடக்கூடாது.”

கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. அம்மாவுக்கு ஊசி பெரிய விஷயமாகப் படவில்லை. படுத்துக் கிடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. விடியும் முன்பே எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் குடுக்கணும்” என்று இறங்கப் பார்ப்பாள். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பது. ஒரு தரம் ஊசிக் காயத்தோடு வாசல்வரை போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னைக் கட்டிலருகிலேயே இருக்க அனுமதித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பதிலாக மேல் வகுப்புப் பெண் ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் சோமாவதி என்ற சிங்களக் கிராமத்துப் பெண் இருந்தாள். ஈரல் வருத்தம். அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் கடைவீதிச் சிங்களம். ஆனாலும் சோமாவதி காலையில் அம்மாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்து தலை வாரிவிடுவாள். தலையில் அந்தக் கை இருக்கும்வரை அம்மா பெரட்டைப் பற்றிப் பேச மாட்டாள். இதைக் கண்டுபிடித்தது சோமாவதிதான். பிறகு தாதிமார்கூட, ஊசி போடும் நேரத்தில் “சோமாவதி, சீப்பு!” என்று கூப்பிடுவார்கள்.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் அம்மாவின் மூத்திரம் செம்மஞ்சளாக இறங்கியது. இரத்தம் போகிறது என்று பயந்து, பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டின் நடுவில் ஓடினேன். தாதி வாங்கிப் பார்த்துவிட்டு, “பய வென்ன எபா நங்கி” என்று சிரித்தாள். பயப்படாதே தங்கச்சி என்று பொருள். மாத்திரைதான் உடம்பில் கரைந்து அந்த நிறத்தில் வெளியே வருகிறது, நல்ல சிவப்பாகக் கட்டி கட்டியாக வந்தால்தான் இரத்தம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். வாராவாரம் நிறத்தைப் பார்த்து வந்து தனக்குச் சொல்லும்படியும் கேட்டார்.

மறதியைப் பற்றி அவரிடம் நானாகத்தான் சொன்னேன். அவர் ஒரு கொப்பியைத் திறந்து அம்மாவிடம் பத்துக் கேள்வி கேட்டார். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், பக்கத்தில் நிற்பது யார், இருபதிலிருந்து பின்னால் எண்ணுங்கள், இப்படி. ஊசி, குடை, பூட்டு என்று மூன்று பொருள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அவை என்னவென்று கேட்டார்.

“நான் ஆர் அம்மா?”

“நீங்க பெரிய கிளாக்கர் ஐயா.”

“இது எந்த இடம்?”

“ஆபீசு. அரிசி போடுற நாளுங்களே இன்னைக்கி.”

பத்தில் இரண்டு என்று கொப்பியில் எழுதினார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “வயசு போனாக்களுக்கு வாற மறதி வேற. இது ஐம்பத்தைஞ்சிலை வந்திருக்கு. அல்ஸைமர் எண்டு ஒரு ஜேர்மன் டாக்டர்ன்ர பேராலை சொல்லுறது. மூளை கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்குது. ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மருந்தும் இல்லை.”

மூன்றாவது வாரம் ஒரு காலை நான் அம்மாவின் முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, “சரசு, பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டு வந்தியா? புள்ளைங்க என்னடி பண்ணும்?” என்றாள். என் பெயரை அவள் சரியாகச் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. டாக்டரைக் கூட்டிவந்தேன். பத்தில் ஆறு.

அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் என்னை வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்காரவைத்தார்.

“வெளிநாட்டில சில டாக்டர்மார் ஒரு விஷயம் யோசிக்கினம். மூளைக்குப் போற சின்னச் சின்ன நாளங்களிலை இரத்தம் மந்தமா ஓடி அடைக்கிறதாலை இந்த மறதி வரக்கூடுமோ எண்டு. அப்பிடியெண்டா, இரத்தத்தை இளக்கிற இந்த மாத்திரை உதவ வேணும். உதவாமலும் விடலாம். கால் வீக்கம் வடிஞ்சதாலை, நல்லாச் சாப்பிட்டதாலை, நீ பக்கத்தில இருக்கிறதாலை தெளிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியேல்லை. தெரிஞ்சுகொள்ள விரும்புறன்.”

“என்ன செய்யணும்ங்க ஐயா?”

“காலுக்கு இன்னும் சில மாசம் எப்பிடியும் மாத்திரை வேணும். அதோட வாராவாரம் வந்தா இந்தப் பத்துக் கேள்வியையும் கேட்டுப் பாப்பன். ஆனா இரத்தம் இளகினா, விழுந்தா அடிபட்டா நிக்காது. அதை யோசிச்சுச் சொல்லு.”

நான் யோசிக்கவில்லை. விசாரணைக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிப் பார்த்தேன். பதினாறு. “சரிங்க,” என்றேன். அம்மாவுக்காகவா எனக்காகவா சரி என்றேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இப்போது கேட்டால், பெரும்பகுதி எனக்காகத்தான் என்று சொல்வேன். அம்மாவிடமும் டாக்டர் கேட்டார். “மாத்திரை சாப்புட்டா மலைக்குப் போலாம்ங்களா?” என்று திருப்பிக் கேட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம் வீட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸிலும் ரயிலிலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் இரத்தப் பரிசோதனை. எடுத்த இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, அதில் ஒரு மருந்தைக் கலந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குழாயைச் சாய்ப்பார்கள். எத்தனை விநாடியில் உறைகிறது என்பதே கணக்கு. சாதாரண ஆளின் இரத்தம் உறையும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆக வேண்டும். அதைவிடக் குறைந்தால் மருந்து போதாது, மிகவும் கூடினால் ஆபத்து. டாக்டர் ஒரு தரம் என் கையிலேயே குழாயைக் கொடுத்தார். ஓடிக்கொண்டிருந்த இரத்தம் ஒரு கணத்தில் நின்றுவிடுவதைப் பார்த்தேன்.

அதன்பிறகு பத்துக் கேள்வி.

வீட்டில் நான் வேறு கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, விசாரணை அதிகாரி என்ன கேட்பாரோ அதையெல்லாம் கேட்பேன். எத்தனை வயதில் வந்தாய்? யாரோடு? எந்தத் தோட்டம்? நடுவில் இந்தியாவுக்குப் போனாயா? எத்தனை நாள் இருந்தாய்? அம்மாவுக்கு வருடக் கணக்கு நிற்கவில்லை. லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்றியபோது, பெரிய மண்சரிவு வந்தபோது, நான் வயிற்றில் இருந்தபோது என்று சொல்லிக்கொடுத்தால் நின்றது. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன்.

மாமா ஒருநாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அக்காவ ஏன் இந்தப் பாடு படுத்துற? கொஞ்சம் வுடேன்,” என்றார்.

“என்னைய யார் வுடுவாங்க மாமா?” என்றேன். அவர் தன் வீட்டுப் பக்கம் நடந்தார். மறுநாள் அத்தை ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டில் சமைக்க நேரமில்லை என்று மாமாதான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து நான் செய்ததுதான் தவறு. ஒரு சனிக்கிழமை அம்மா டாக்டருக்கு நாலு பதில்தான் சரியாகச் சொன்னாள். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எண் குறைந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்று பயம் வந்தது. அதனால் அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதே அவருடைய பத்துக் கேள்வியையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்று சனிக்கிழமை. இது ஆஸ்பத்திரி. அவர் டாக்டர். ஊசி, குடை, பூட்டு. அவர் எப்போதும் அதே மூன்றைத்தான் சொல்வார்.

பத்தில் ஏழு. பிறகு எட்டு. டாக்டர் கொப்பியில் எழுதும்போது அவருடைய கை வேகமாக ஓடியது.

இரண்டரை மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை வேறு டப்பாவிலிருந்து மாத்திரை கொடுத்தார். அதே அளவு, அதே வெள்ளை. ஆனால் மூன்றாவது நாள் அம்மாவின் மூத்திரம் எல்லோருக்கும் இருப்பதுபோல் வெளுத்துப் போயிருந்தது. நாலாம் நாளும் அப்படியே. மாத்திரை ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மாவும் சீனியும்.

அடுத்த சனிக்கிழமை அவர் கேட்டார்: “ஏதும் வித்தியாசம் கண்டனியோ பிள்ளை?”

“ஒண்ணும் இல்லைங்க ஐயா.”

வாராவாரம் நிறத்தைப் பற்றிக் கேட்பவர் அன்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் என்னை ஏமாற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் அவரை ஏமாற்றுவது அவருக்குத் தெரியாது. இடையில் அம்மா உட்கார்ந்து, “ஊசி, கொடை, பூட்டு” என்று தெளிவாகச் சொன்னாள். பத்தில் ஒன்பது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை இல்லாமலே இவள் தெளிவாக இருக்கிறாளே என்று அவர் குழம்பியது எனக்குப் புரிந்தது. விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை டவுனில் ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது. வராந்தா முழுவதும் தோட்டத்து ஜனங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலைகள், கையில் பழுப்பேறிய காகிதத் துண்டுகள். அதிகாரி சிங்களவர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். என்னை அம்மாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். வாய் திறக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள்.

எத்தனை வயதில் வந்தாய் என்று கேட்டார். ஆறு என்றாள். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னாள். இந்தியாவுக்குப் போனாயா?

“ஒருக்கா போனேங்க. எந் தங்கச்சி கல்யாணத்துக்கு. தகரம் மாத்தின வருசம். போயிட்டு ரெண்டு மாசத்துல வந்துட்டேன்.”

“எந்தத் தகரம்?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“லயத்துத் தகரம்ங்க. அதுக்கு முன்ன ஒழுகும்.”

அதிகாரி சிரிக்காமல் எழுதினார். கடைசியாக, “இந்தியாவுக்குப் போய்க் குடியிருக்கும் எண்ணம் உண்டா?” என்று கேட்டார். இதற்கும் நான் பதில் சொல்லிக்கொடுத்திருந்தேன். இல்லை ஐயா, இதுதான் என் நாடு என்று சொல்ல வேண்டும். வெளியே மழை பிடித்திருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“மழ வருதுங்க. எடுத்த கொழுந்து நனையும். சட்டுன்னு வுட்டீங்கன்னா போயி நெறுத்துட்டு வந்துருவேன்,” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். பிறகு அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி முதல் தடவையாக அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார். எதையோ எழுதினார். போகலாம் என்றார்.

அந்த வாரமே அம்மாவின் கால் மறுபடி வீங்கியது. டாக்டர் காலைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். நிஜ மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார், முன்னிலும் கொஞ்சம் கூட்டி. நிறமும் திரும்ப வந்தது. வீக்கம் வடிந்தது. ஆனால் பத்தாம் நாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனவள் பாசியில் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தாள். எலும்பு முறியவில்லை. மத்தியானத்துக்குள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் பொம்மிவிட்டது. மூக்கிலிருந்து வடிந்த இரத்தம் நிற்கவேயில்லை. மருந்துக்காரரிடம் அந்த மாத்திரையை முறிக்கும் ஊசி இல்லை. மறுபடி லொறி. இந்தத் தடவை ரயிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி வரை லொறியிலேயே போனோம். மாமா வழி முழுக்க அம்மாவின் மூக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஊசி போட்டார்கள். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மாமாவின் இரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. என் கையிலிருந்து எடுத்த போத்தலை அம்மாவின் தலைமாட்டில் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய உணர்ச்சி ஒன்றும் வரவில்லை. போத்தலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் இரத்தம் நின்றது. அம்மா பிழைத்தாள்.

டாக்டர் என்னை அதே பெஞ்சுக்குக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நடுவில மூண்டு கிழமை நான் குடுத்தது மருந்தில்லை. வெறும் மா. மருந்தாலைதான் ஞாபகம் வந்ததோ எண்டு தெரிய வேறை வழி இருக்கேல்லை. கால்ல கட்டி கரைஞ்சிட்டுது எண்டு நம்பினன். அது என்ர பிழை. அதாலைதான் கால் திரும்ப வீங்கினது, அதாலைதான் மருந்தைக் கூட்ட வேண்டி வந்தது.”

“தெரியும்ங்க ஐயா.”

“என்ன தெரியும்?”

“மாவுன்னு. நெறம் மாறிப்போச்சுங்களே. நாக்குல வச்சும் பாத்தேன்.”

அவர் என்னையே பார்த்தார். “பிறகேன் சொல்லேல்லை?”

அப்போது என் பங்கைச் சொன்னேன். பஸ்ஸில் பத்துக் கேள்வியையும் சொல்லிக்கொடுத்ததை, எந்த வாரத்திலிருந்து என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கொப்பியைத் திறந்து அந்த எண்களை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார். இரண்டு, ஆறு, நாலு, ஏழு, எட்டு, ஒன்பது.

“ஏன் பிள்ளை?”

“மார்க் கொறஞ்சா மாத்திரைய நிறுத்திருவீங்கன்னு பயந்தேங்க.”

“மார்க் கூடினதாலைதான் நான் நிறுத்திப் பாத்தனான்,” என்றார்.

பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. “ஒரு ஆளை வைச்சு எதுவும் முடிவாச் சொல்லேலாது. எண்டாலும் ஒரு சின்ன விஷயம் தெரிய வந்திருக்கும். நீயும் நானும் சேந்து அதைக் கெடுத்துப் போட்டம்.” எழுந்து இரண்டடி போனவர் திரும்பி வந்து, “அம்மாவை நல்லாப் பாத்துக்கொள்ளு. விசாரணை என்னவாச்சு?” என்று கேட்டார். இன்னும் முடிவு வரவில்லை என்றேன்.

மாத்திரையை அடியோடு நிறுத்தினார்கள். காலுக்குக் கட்டுத்துணி மட்டும். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அம்மா வேகமாக மறக்கத் தொடங்கினாள். மாத்திரை நின்றதாலா, இரத்தம் போன பலவீனத்தாலா, நான் கேள்வி கேட்பதை விட்டதாலா, நோய் தன் வழியில் போனதாலா என்று சொல்ல என்னால் முடியாது. என்னிடம் கேட்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்கிறேன்: அந்த மருந்து காலுக்கு நல்லது, விழுந்தால் பொல்லாதது, மறதிக்கு என்ன செய்யும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதீர்கள்.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் அம்மாவின் பதில்கள் அல்ல. வேலை நாள் கணக்கு எழுதும் தோட்டத்துச் செக்ரோலில் இரண்டு வருடம் அவள் பெயர் காத்தாயி என்பதற்குப் பதிலாகக் கார்த்தி என்று விழுந்திருந்தது. அது வேறு ஆளாக இருக்கலாம், ஆகவே அந்த இரண்டு வருடமும் அவள் இங்கே இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். மாமா கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதவர், இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அப்போது அம்மாவுக்கு நான் யாரென்று தெரியாது. ஊட்டினால் சாப்பிடுவாள். யாரோ நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு, “ஒங்களுக்கு வூட்டுல வேலை இல்லையா?” என்பாள். கடிதம் வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியைத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அதிகாரி முன்னால் உட்கார்ந்ததுபோலவே உட்கார்ந்தாள்.

“நீங்க கந்தோருல எழுதுறவங்கதான?” என்று கேட்டாள். கந்தோர் என்றால் அரசாங்க அலுவலகம்.

“ஆமாம்மா.”

“நீங்க கேட்டதுக்கெல்லாம் சொல்லிப்புட்டேன். எனக்குக் குடுக்காட்டியும் பரவால்ல. எம் மவ சரசு பேரும் அதுல இருக்கு. படிச்ச புள்ள. அவளுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?”

இத்தனை மாதமும் என்னத்துக்காகக் கேள்வி கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“குடுத்தாச்சும்மா,” என்றேன்.

“நல்லாருப்பீங்க,” என்று சொல்லிவிட்டு, கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.